கடிதம் முதலில், காசு பிறகு



கோழி வளர்க்க எடுத்த நுண்கடன் வட்டியும் தண்டமுமாக 68,000 ரூபாவாகிவிட்டது. எனக்குப் பிணை நின்ற இரு பெண்களும் முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. பசுவை 45,000 ரூபாவுக்கு விற்றேன். கிளை முகாமையாளரிடம், "40,000 ரூபாவை ஒரே தடவையில் கட்டுகிறேன், கணக்கை முடித்துவிடுங்கள்" என்றேன். இரண்டு தரம் மறுத்தார். மூன்றாம் தரம் 45,000க்கு இணங்கினார்.

உடனே காசைக் கொடுக்கவில்லை. இத்துடன் கடன் முழுவதும் தீரும், பிணையாளிகளும் விடுவிக்கப்படுவர் என்று கடிதம் வாங்கிய பிறகே கட்டினேன். வாய்ச்சொல்லை நம்பிக் கட்டிய அயலவளிடம் மீதியை மறுபடி கேட்டார்கள்.

பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கொடுகடன் தகவல் பணியகப் பதிவையும் திருத்தக் கேளுங்கள். இதற்காக வேறு கடன் மட்டும் வாங்காதீர்கள்.

பசு போன கவலை இருக்கிறது. ஆனாலும் அந்த இருவரும் இப்போது என் முற்றத்தில் வந்திருந்து தேநீர் குடிக்கிறார்கள்.