எட்டாவது இடம்

ஆட்டத்தில் ஜெயிப்பதற்காகப் போட்டியிடுவதை உலகம் அறியும். ஆடுவதற்கு ஓர் இடம் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே ஒரு போட்டி நடந்தது என்றால், அதிலும் ஆட்டக்காரர்கள் தங்கள் சட்டைப்பைக் காசை எடுத்து வைத்து மோதினார்கள் என்றால், கேட்பவருக்குச் சற்று வியப்பாகத்தான் இருக்கும். 2013-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்காவில் அப்படி ஒரு போட்டி நடந்தது. ஆண்டுகள் பல கழிந்துவிட்டன என்றாலும், நாலு பேர் சேர்ந்து ஒரு பொதுக் காரியத்துக்காகப் பணம் திரட்டும் எந்த ஊரிலும் நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி அதில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, மன்றம் அமைத்து, ரசீதுப் புத்தகம் அடித்து, மாடி மாடியாக ஏறி இறங்கி வசூல் செய்து பழகிய வெளிமாநிலத் தமிழர்களுக்கு அது இன்னும் நன்றாகவே விளங்கும்.

திரையில் இரு உருவங்களை மோதவிட்டு ஆடும் வீடியோ சண்டை விளையாட்டுகளுக்கு உலக அளவில் பெயர் பெற்ற போட்டி 'ஈவோ' என்பது. 1996-ல் கலிபோர்னியாவில் சுமார் 40 ஆட்டக்காரர்கள் கூடி நடத்திய சிறு பந்தயமாகத் தொடங்கி, 2002-ல் இந்தப் பெயரைப் பெற்று, 2005-ல் லாஸ் வேகாஸ் நகருக்குக் குடிபெயர்ந்து, ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழாவாக வளர்ந்தது. அந்த மேடையில் இடம் பெறும் விளையாட்டுக்கு மதிப்பு. இடம் பெறாத விளையாட்டு இருப்பதே பலருக்குத் தெரியாது.

2013-ஆம் ஆண்டுப் போட்டிக்கான பட்டியலில் எட்டாவது இடத்தை மட்டும் நடத்துபவர்கள் காலியாக விட்டு வைத்தார்கள். எந்த விளையாட்டின் பெயரில் அதிக நன்கொடை சேருகிறதோ அதற்கே அந்த இடம் என்று அறிவித்தார்கள். நன்கொடை நடத்துபவர்களின் பைக்குப் போகாது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவும் அற நிறுவனம் ஒன்றுக்கே முழுவதும் போகும் என்பது நிபந்தனை.

பிப்ரவரி முதல் தேதி கணக்கு முடிந்தபோது, 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ' என்ற விளையாட்டின் பெயரில் 94,683 டாலர் சேர்ந்திருந்தது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 50 லட்சம் ரூபாய். 'ஸ்கல்கேர்ல்ஸ்' என்ற புதிய விளையாட்டு 78,760 டாலருடன் இரண்டாவதாக வந்தது. எல்லா விளையாட்டுகளின் பெயரிலும் சேர்ந்த தொகை 2 லட்சத்து 25 ஆயிரம் டாலரைத் தாண்டியது. இதைக் கொடுத்தவர்கள் கோடீசுவரர்கள் அல்லர். பெரும்பாலும் மாணவர்களும், சிறு வேலைகளில் இருந்த இளைஞர்களும்தான்.

இத்தனைக்கும் 'மெலீ' புதிய விளையாட்டு அல்ல. ஜப்பானைச் சேர்ந்த நின்டென்டோ நிறுவனம் 2001-ல் 'கேம்கியூப்' என்ற கருவிக்காக வெளியிட்டது அது. 2008-ல் அதே வரிசையில் அடுத்த விளையாட்டு வந்தவுடன், பழையது மறைந்துவிடும் என்றே பலரும் எண்ணினார்கள். மறையவில்லை. கடையில் விற்பதை நிறுவனம் நிறுத்திய பிறகும், ஆட்டக்காரர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. வாடகைக்கு எடுத்த கூடங்களிலும், கல்லூரி அறைகளிலும், நண்பர்கள் வீடுகளிலும் தாங்களே போட்டி நடத்தினார்கள். நுழைவுக் கட்டணத்தைச் சேர்த்துத் தாங்களே பரிசும் கொடுத்துக் கொண்டார்கள்.

இந்த ஆட்டத்தில் ஒரு நொடியை அறுபது கூறாக்கினால் அதில் ஒரு கூறு தவறினாலும் அடி விழும். புதிய தட்டையான தொலைக்காட்சிகளில் படம் இமைப்பொழுது தாமதித்து வருவதால் அவை உதவுவதில்லை. ஆகவே கனத்த பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஆட்டக்காரர்கள் தேடிப் பிடித்து, காரில் ஏற்றி, தோளில் சுமந்து போட்டி நடக்கும் இடத்துக்குக் கொண்டு வந்தார்கள். ஒரு விளையாட்டை உருவாக்கியது நிறுவனம். ஆனால் அதைப் பன்னிரண்டு ஆண்டுகள் சாகாமல் காத்தது இந்தச் சுமை தூக்கிய தோள்கள். 94,683 டாலருக்குப் பின்னால் இருந்த பலம் அதுவே.

இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கலாம். வீடியோ விளையாட்டுக்கு இவ்வளவு பணமா என்று கேட்கலாம். சம்பள நாளன்று இரவே கைபேசியில் ரம்மி ஆடிப் பாதிச் சம்பளத்தைத் தொலைத்தவர்களைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பணத்தைப் பந்தயம் வைத்து, இன்னொருவன் பையிலிருந்து எடுக்கப் பார்ப்பது ஒன்று. திறமையைக் காட்டுவதற்காகப் பயிற்சி செய்து, கூடி ஆடுவது மற்றொன்று. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டமும் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களுக்கு அது தடை விதித்தது. திறமையால் ஆடும் மின்விளையாட்டுப் போட்டிகளுக்கு அங்கீகாரம் அளித்தது. 2013-ல் அந்த இளைஞர்கள் கொடுத்த காசு திரும்பி வரும் என்று கொடுத்த காசு அல்ல. போனது போனதுதான் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

வேறொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. மேடையில் இடம் தகுதிக்குக் கொடுக்கப்பட வேண்டுமா, பணத்துக்குக் கொடுக்கப்பட வேண்டுமா? அதிகம் கொடுப்பவனுக்கே இடம் என்பது ஏல முறை. ஏலத்தில் என்றும் ஏழை தோற்பான். கோயில் திருவிழாவில் முதல் மரியாதையைப் பணம் கொடுத்து வாங்குவது ஊருக்கு எவ்வளவு கேடோ, அவ்வளவு கேடு விளையாட்டு மேடையை விலைக்கு விடுவதும். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் அன்று நடந்ததை வெறும் ஏலம் என்று தள்ளிவிட முடியாது. அதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, இடத்தைக் கொடுத்தவர்கள் பணத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தட்சிணை வாங்குபவரே தீர்ப்பும் சொல்லும்போதுதான் ஊழல் பிறக்கிறது. அந்த வாசல் முதலிலேயே அடைக்கப்பட்டிருந்தது. இரண்டாவது, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. கணக்கு மூடிய அறையில் இல்லை. மூன்றாவது, தோற்றவர்களின் பணமும் வீணாகவில்லை. ஸ்கல்கேர்ல்ஸ் ரசிகர்கள் கொடுத்த 78,760 டாலரும் அதே புற்றுநோய் ஆராய்ச்சிக்கே சென்றது. ஜெயித்தவன் காசும் தோற்றவன் காசும் ஒரே நல்ல காரியத்தில் போய்ச் சேரும்படி ஒரு போட்டியை அமைப்பது எளிதல்ல. அதை யோசித்தவர்கள் பாராட்டுக்கு உரியவர்கள்.

தோற்றவர்கள் துவண்டும் போகவில்லை. அந்தப் பிப்ரவரி மாதமே ஸ்கல்கேர்ல்ஸ் விளையாட்டை உருவாக்கியவர்கள், அதில் புதிய பாத்திரம் ஒன்றைச் சேர்ப்பதற்காக 1 லட்சத்து 50 ஆயிரம் டாலர் வேண்டும் என்று ரசிகர்களிடம் கேட்டார்கள். கிடைத்ததோ 8 லட்சம் டாலருக்கு மேல். எட்டாவது இடத்துக்காக நடந்த முயற்சியில் திரண்ட கூட்டம் கலைந்து போகாமல் அடுத்த வேலைக்குத் தயாராக நின்றது. ஒரு வசூலில் பணத்தைவிடப் பெரிய வருமானம் இந்த ஒற்றுமைதான் என்பதற்கு இது நல்ல சான்று.

இனித்தான் கதையின் கசப்பான பகுதி. ஜூலை மாதம் போட்டி தொடங்குவதற்குச் சில நாட்களே இருந்தன. விமானச் சீட்டு வாங்கி, அறை எடுத்து, விடுப்புச் சொல்லி எல்லோரும் புறப்பட ஆயத்தமாக இருந்த நேரம். மெலீ ஆட்டங்களை இணையத்தில் ஒளிபரப்ப நின்டென்டோ நிறுவனம் அனுமதிக்கவில்லை என்ற செய்தி வந்தது. ஒளிபரப்பை மட்டுமல்ல, அந்த ஆட்டத்தையே நிறுத்தும்படி நிறுவனம் முதலில் கேட்டதாகப் போட்டி நடத்துபவர்களில் ஒருவர் பின்னர் கூறினார். ரசிகர்கள் கொதித்து எழுந்தார்கள். உலகெங்கிலுமிருந்து கண்டனம் குவிந்தது. சில மணி நேரத்திலேயே நிறுவனம் மனம் மாறி அனுமதி கொடுத்தது.

சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் நியாயம் இருக்கலாம். விளையாட்டு அதன் உடைமை; யார் எங்கே காட்டுவது என்று சொல்லும் உரிமை அதற்கு உண்டு. ஆனால் இருபது வருஷம் ஒரு வீட்டில் குடியிருந்து, ஒழுகும் கூரையைத் தன் காசில் செப்பனிட்டு, வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டு வந்த குடித்தனக்காரரிடம், கல்யாணத்துக்கு முதல் நாள் வந்து, பந்தல் போடக் கூடாது என்று வீட்டுக்காரர் சொன்னால் ஊர் எப்படிப் பார்க்கும்? பத்திரம் வீட்டுக்காரர் பெயரில் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. அந்த வீட்டை வீடாக வைத்திருந்தது யார் என்பதே கேள்வி. மும்பையிலும் பெங்களூரிலும் வாடகை வீட்டில் காலம் தள்ளும் எவருக்கும் இந்தக் கேள்வியின் சூடு தெரியும்.

அந்த ஆண்டுப் போட்டி எல்லோருடைய எதிர்பார்ப்பையும் மிஞ்சியது. மெலீ ஆட சுமார் 700 பேர் வந்தார்கள். இறுதி ஆட்டத்தை ஒரே நேரத்தில் 1 லட்சத்து 30 ஆயிரம் பேருக்கு மேல் இணையத்தில் பார்த்தார்கள். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோசப் மார்க்கெஸ் பட்டத்தை வென்றார். தடுக்கப் பார்த்த நிறுவனத்துக்கே அதனால் விளம்பரம் கிடைத்தது. அடுத்த ஆண்டு, 2014-ல், மெலீக்கு யாரும் நன்கொடை திரட்ட வேண்டியிருக்கவில்லை. தகுதியின் பேரிலேயே இடம் கிடைத்தது. 2018 வரை ஆண்டுதோறும் கிடைத்தது. ஒரு முறை காசு கொடுத்து வாங்கிய இடத்தை, பிறகு உழைப்பால் சொந்தமாக்கிக் கொண்டார்கள் என்று சொல்ல வேண்டும்.

ஆனால் எந்த மேடையும் நிரந்தரம் அல்ல. 2019-ல் ஈவோ பட்டியலில் மெலீ இல்லை. அதே வரிசையின் புதிய விளையாட்டு அதன் இடத்தில் வந்தது. 2022-ஆம் ஆண்டு ஈவோவில் அந்த வரிசை விளையாட்டு எதுவுமே இருக்காது என்று நின்டென்டோ அறிவித்துவிட்டது. அதற்கு முன்பே, 2020-ல், தொற்றுநோய்க் காலத்தில் ரசிகர்கள் எழுதிய ஒரு மென்பொருளின் துணையோடு வீட்டிலிருந்தபடியே ஆட ஏற்பாடான ஒரு பெரிய மெலீ போட்டி, நிறுவனம் ஆட்சேபித்ததால் ரத்து செய்யப்பட்டது. பத்திரம் யார் பெயரிலோ, கடைசி வார்த்தையும் அவரிடமே இருந்தது.

அப்படியானால் அந்த 94,683 டாலர் வீண்தானா? இல்லை. அந்தப் பணம் அவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு நாற்காலியை மட்டும் அல்ல. தாங்கள் எத்தனை பேர், எவ்வளவு தூரம் போகத் தயார் என்பதை அவர்களே தெரிந்துகொண்டார்கள், மற்றவர்களும் தெரிந்துகொண்டார்கள். ஈவோ மேடை போன பிறகும் அவர்கள் தங்கள் சொந்தப் போட்டிகளை விடாமல் நடத்தினார்கள். பெரிய மேடையில் கிடைத்த பெயர் சொந்தக் கூடத்துக்கு ஆள் சேர்த்தது. பெரிய இடத்தில் ஒரு நாற்காலிக்காகப் பாடுபடும்போதே சொந்தத் திண்ணையையும் இடித்துவிடாமல் வைத்திருந்ததுதான் அவர்களைக் காப்பாற்றியது.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ் இளைஞர்கள் கபடிக் குழுவுக்குப் பனியன் வாங்கவும், கேரம் போட்டிக்கு ரயில் செலவுக்கும், மன்ற ஆண்டு விழாவுக்கும் தலைக்கு ஐம்பதும் நூறுமாக வசூல் செய்கிறார்கள். பல இடங்களில் முதல் வருஷம் உற்சாகம், இரண்டாம் வருஷம் கணக்குத் தகராறு, மூன்றாம் வருஷம் இரண்டு மன்றம் என்று முடிகிறது. குறை கொடுப்பவர்களிடம் இல்லை. கொடுத்த காசு எங்கே போகிறது என்பது கொடுத்தவர் கண்ணுக்குத் தெரியாமல் போவதுதான் குறை. எவ்வளவு சேர்ந்தது என்பதை வாரந்தோறும் பலகையில் எழுதி வைக்கட்டும். நோக்கம் நிறைவேறாவிட்டால் பணம் எந்த நல்ல காரியத்துக்குப் போகும் என்பதை முதலிலேயே சொல்லட்டும். மைதானமோ மண்டபமோ இன்னொருவருடையது என்றால், வசூல் தொடங்கும் முன்பே அவருடைய அனுமதியை எழுத்தில் வாங்கட்டும். லாஸ் வேகாஸுக்குப் போன இளைஞர்கள் முதல் இரண்டையும் செய்து மதிப்புப் பெற்றார்கள். மூன்றாவது இல்லாததால்தான் கடைசி நேரத்தில் கலங்கினார்கள்.

பணம் கொடுத்து இடம் வாங்குவது எல்லா நாளும் நடக்கக் கூடாத காரியம். ஆனால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு கூட்டம், தன் கைக்காசை ஒரு நோயாளியின் பெயரில் வைத்து, 'எங்களையும் பாருங்கள்' என்று ஒரு முறை கேட்டது. கேட்ட விதம் கௌரவமானது. கொடுத்த இடத்துக்கு அவர்கள் தகுதியானவர்கள் என்பதை அடுத்த ஆண்டுகள் மெய்ப்பித்தன. கூட்டாகச் சேர்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் அந்தக் கௌரவம் வேண்டும்.