தோள்பட்டையைப் பார்த்தீர்கள், கையைப் பார்த்தீர்களா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்குப் போயிருந்தேன். கேட்டில் நின்ற செக்யூரிட்டி விறைப்பாக சல்யூட் அடித்து, "சார், என்னைத் தெரியலையா?" என்றார். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன்! ராணுவத்தில் இ.எம்.இ. படைப்பிரிவில் வண்டி மெக்கானிக்காக 17 வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக வந்திருக்கிறான். இஞ்சினைப் பிரித்துப் பூட்டியவன், இப்போது லாரி நம்பரை நோட்டில் எழுதுகிறான்.

"உள்ளே மெக்கானிக் வேலை கேட்கலையாப்பா?"

"கேட்டேன் சார். ஹவில்தார்தானே, செக்யூரிட்டிக்குப் போங்கன்னுட்டாங்க."

காவல் வேலை கேவலமில்லை. ஆனால் ஹவில்தார் என்பது அதிகாரப் படி. தொழில் திறமையின் அளவு அல்ல. ராணுவத்துக்கே இது தெரியும். அங்கே ரேங்க் தனி, டிரேடு தனி. டிரேடு டெஸ்ட் எழுதி, செய்து காட்டித்தான் கிளாஸ் ஏற முடியும். ஏழாவது ஊதியக்குழுவுக்குப் பிறகு தொழில்நுட்பம் சார்ந்த 'எக்ஸ்' பிரிவுக்கு மாதம் 3,600 ரூபாய் தனி ஊதியம். அங்கீகரிக்கப்பட்ட டிப்ளமோவுக்கு இணையான தகுதி இருந்தால் 6,200. ரேங்க் ஒன்றே என்றாலும் கைத்திறனுக்குத் தனி விலை!

அமெரிக்காவிலும் இதே சிக்கல்தான். 1942-ல் தொழில் தெரிந்த சிப்பாய்களுக்காக 'டெக்னீஷியன்' என்று தனி நிலைகள் கொண்டுவந்தார்கள். 1948-ல் அதை எடுத்துவிட்டு, 1955-ல் 'ஸ்பெஷலிஸ்ட்' என்று மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரே ஏணியில் இரண்டையும் அளக்க முடியவில்லை.

"ராணுவ வண்டி வேறு, 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 இஞ்சின் வேறு" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் ஐ.டி.ஐ. முடித்து வரும் பையனுக்கும் நீங்கள்தானே சொல்லிக்கொடுக்கிறீர்கள்? இவனுக்கு மட்டும் ஏன் கூடாது?

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் "சுபேதார்கூட ஆகலையா?" என்று கேட்காதீர்கள். நானும் இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து இடைநிலை ஆசிரியராகவே ஓய்வு பெற்றவன்தான். எனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்று சொல்வீர்களா?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளில் ஆள் எடுக்கும் இடத்தில் என் மாணவர்கள் பலர் இருக்கிறீர்கள். அடுத்த முறை முன்னாள் ராணுவத்தினர் ஒருவர் வந்தால், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ரேங்கோடு நிறுத்தாமல் டிரேடு என்ன என்று பாருங்கள். கையில் ஸ்பேனரைக் கொடுத்து அரை மணி நேரம் சோதியுங்கள். தேறாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். சோதிக்காமலே கேட்டில் நிறுத்தாதீர்கள்.

பரீட்சை வைக்காமல் நான் யாருக்கும் மார்க் போட்டதில்லை. நீங்களும் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்