கடை மூடியாச்சு, கோடு மட்டும் விலை போகுது

லவாலில் இருக்கிற எங்கட ஆக்களுக்கு 'லா பே' எண்டால் விளக்கம் தேவையில்லை. கார்ஃபூர் லவால் அங்காடியில் பெரிய கடையாக நின்றதே, அதுதான். ஆங்கிலத்தில் ஹட்சன்ஸ் பே. 1670ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி இங்கிலாந்து அரசரின் பட்டயத்தோடு தொடங்கிய கம்பனி அது. 355 வருடங்களின் பின், 2025 யூன் 1ஆம் திகதி கடைசிக் கதவையும் மூடியது.

கடை போய்விட்டது. ஆனால் அந்தக் கடையின் அடையாளமாக வெள்ளைத் துணியில் ஓடிய பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலக் கோடுகள் போகவில்லை. அவை விற்கப்பட்டன. நல்ல விலைக்கு விற்கப்பட்டன. அந்தப் பணம் யாருக்குப் போனது, யாருக்குப் போகவில்லை என்பதை நாங்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். இது ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. கடைகளில் நின்று வேலை செய்கிற எங்கட சமூகத்தின் கதையும்தான்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2025 மார்ச் 7ஆம் திகதி ஹட்சன்ஸ் பே, கடன் கொடுத்தவர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. கடன் ஒரு பில்லியன் டொலருக்கும் மேல். 80 ஹட்சன்ஸ் பே கடைகளும், அதே கம்பனி நடத்திய 16 சாக்ஸ் கடைகளும் இருந்தன. முதலில் ஆறு கடைகளை மட்டும் காப்பாற்றுவோம் என்றார்கள். அதில் மூன்று கியூபெக்கில்: மொன்றியல் நகர மையம், புவான்ட் கிளேர், எங்கட கார்ஃபூர் லவால். லவால் கடை தப்பிவிடும் என்று நம்பின சனம் கன பேர். ஏப்ரல் கடைசியில் அந்த ஆறையும் விற்றுத் தீர்க்கும் பட்டியலில் சேர்த்தார்கள். 8,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது.

அந்த மலிவு விற்பனை நாட்களில் ஒரு புதினம் நடந்தது. சேட்டும் சப்பாத்தும் விலை குறைத்தும் மெதுவாகத்தான் போயின. கோடு போட்ட சாமான்களோ கொண்டுவந்து வைக்க முதலே முடிந்தன. போர்வை, கோப்பை, குடை, பை என்று எதில் அந்த நாலு நிறம் இருந்ததோ அதைச் சனம் தேடித் தேடி வாங்கியது. வாங்கின கையோடு இணையத்தில் இன்னும் கூடின விலைக்கு விற்றவர்களும் உண்டு. கடையைக் காப்பாற்ற வராத கூட்டம், கடையின் அடையாளத்தை வாங்க வரிசையில் நின்றது.

இதில்தான் பெயர் போட்ட பொருள் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது. அந்தக் கம்பளிப் போர்வையை ஹட்சன்ஸ் பே நெய்யவில்லை. 1700களின் கடைசியிலிருந்தே அது இங்கிலாந்தில் நெய்யப்பட்டு இங்கே வந்தது. அதே தடிப்பில், அதே கம்பளியில் கோடில்லாத போர்வை ஒன்றை வேறு இடத்தில் பாதி விலைக்கு வாங்கலாம் என்றாலும், சனம் சில நூறு டொலர் கொடுத்து இதைத்தான் வாங்கியது. மேலதிகமாகக் கொடுத்த காசு துணிக்கு இல்லை, கோட்டுக்கு.

2010 வன்கூவர் ஒலிம்பிக்கின்போது இதே கம்பனி விற்ற சிவப்புக் கையுறை நினைவிருக்கா? உள்ளங்கையில் மேப்பிள் இலை, விலை 10 டொலர். மில்லியன் கணக்கான சோடிகள் போயின. குளிருக்குக் கையுறை வாங்குகிறவன் ஒரு சோடியோடு நிற்பான். அடையாளத்துக்கு வாங்குகிறவன் வீட்டில் எல்லாருக்கும் வாங்குவான்.

வியாபாரிகளுக்கு இது ஏன் பிடிக்கும் என்பது விளங்குகிறதுதானே. மரக்கறி அழுகும், உடுப்பு பாஷன் மாறும், ரீவி பழசாகும். பெயர் அழுகாது. அதை வைக்கக் களஞ்சியம் தேவையில்லை. தானே விற்கவும் தேவையில்லை. இன்னொருவனுக்கு உரிமம் கொடுத்துவிட்டால், அவன் செய்து, அவன் விற்று, விற்பனையில் ஒரு பங்கை அனுப்பிக்கொண்டிருப்பான். வீட்டு வாடகை போல, பெயருக்கு வாடகை.

வாடகைக்கு விட, வீட்டில் ஆள் இருக்கத் தேவையில்லை என்பதை மொன்றியல்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எக்ஸ்போஸ் பேஸ்போல் அணி 2004 பருவத்தோடு இந்த நகரத்தை விட்டு வாஷிங்ரனுக்குப் போய்விட்டது. அதன் தொப்பி இன்றும் மெற்றோவில் எத்தனை தலையில் இருக்கிறது! அணி விளையாடினதைப் பார்த்திராத பிள்ளைகளும் போடுகிறார்கள்.

எங்கட பக்கமும் ஒரு உதாரணம் உண்டு. சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை 2008இல் வாங்கியது இந்தியா சிமென்ட்ஸ் என்ற சீமெந்துக் கம்பனி. பிறகு அணியைத் தனிக் கம்பனியாகப் பிரித்தார்கள். சூதாட்ட விவகாரத்தால் 2016, 2017 இரண்டு வருடமும் அணி மைதானத்தில் இறங்கவேயில்லை. மஞ்சள் நிறத்தின் மவுசு குறைந்ததா? 2018இல் திரும்பி வந்தபோது இரசிகர்கள் முன்னையதை விடக் கூடுதலாக வந்தார்கள். 2024 டிசம்பரில் சீமெந்துக் கம்பனி அல்ட்ராடெக்கின் கைக்குப் போனது. சிங்கம் போட்ட மஞ்சள் சட்டை பழைய முதலாளியின் பக்கமே நின்றது. ஆலை ஒரு பக்கம், அடையாளம் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியும், பிரித்தால் அடையாளம்தான் ஆளுக்குப் பிரியமானது என்பது சென்னையிலும் லவாலிலும் ஒரே கணக்குத்தான்.

இனி லா பேயின் கணக்குக்கு வருவோம். 2025 மே மாதத்தில் கனேடியன் ரயர் கம்பனி ஹட்சன்ஸ் பேயின் பெயர், சின்னம், கோடு எல்லாவற்றையும் சேர்த்து 30 மில்லியன் டொலருக்கு வாங்க உடன்பட்டது. யூன் தொடக்கத்தில் நீதிமன்றம் சம்மதித்தது. பெயரை விற்றுவிட்டால் பழைய கம்பனிக்கு என்ன பெயர்? வட அமெரிக்காவின் மிகப் பழைய கம்பனிக்கு மிஞ்சியது ஓர் இலக்கம்: 1242939. வழக்குப் பத்திரங்களில் அது இப்போது அந்த இலக்கத்தால் அழைக்கப்படுகிறது. 1670ஆம் ஆண்டுப் பட்டயத்தையும் விற்றார்கள். தொம்சன், வெஸ்ரன் என்ற இரண்டு செல்வந்தக் குடும்பங்களின் நிறுவனங்கள் சேர்ந்து 18 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கி, பொது நிறுவனங்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்க முன்வந்தன. நாட்டுக்கு நல்ல காரியம்.

சரி, அந்தக் கடைகளில் 20, 30 வருடம் நின்றவர்களுக்கு?

பணிநீக்கக் கொடுப்பனவு இல்லை. கம்பனியிடம் காசில்லை என்பது பதில். ஏறத்தாழ 120 மேலாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும், கடைசிவரை நிற்பதற்கென்று ஊக்கப் பணம் கொடுக்க நீதிமன்றம் அனுமதித்தது. கடைத்தளத்தில் நின்றவர்களுக்கு அது இல்லை. அவர்களுக்கு இருந்த வழி, கூட்டாட்சி அரசின் சம்பளப் பாதுகாப்புத் திட்டம். 2025இல் அதன் உச்சவரம்பு ஓராளுக்கு 8,844 டொலர். எத்தனை வருடம் வேலை செய்திருந்தாலும் அதற்கு மேல் இல்லை. அதுவும் கம்பனியின் காசில்லை, எங்கட வரிக் காசு.

30 மில்லியன் என்ன ஆனது என்று கேட்டால், சட்டப்படி முன்வரிசையில் நிற்பவர்கள் ஈடு வைத்துக் கடன் கொடுத்தவர்கள். பெயரும் கோடும் கம்பனியின் சொத்து. சொத்தின் மேல் அவர்களுக்குத்தான் முதல் உரிமை. தொழிலாளியின் பணிநீக்கக் கொடுப்பனவு ஈடில்லாத கடன். வரிசையின் கடைசி.

இதில் சட்டப் பிழை ஒன்றும் இல்லை. நியாயப் பிழைதான் இருக்கிறது. ஒரு பெயருக்கு 30 மில்லியன் பெறுமதி எங்கிருந்து வந்தது? நிறத்தால் வரவில்லை. நாலு நிறக் கோட்டை எந்த ஆளும் கீறலாம். பனிக்காலத்தில் பிள்ளைக்கு ஜக்கெற் வாங்கப் போன தாய்க்கு அளவு பார்த்துக் கொடுத்தவர், பிரெஞ்சு தெரியாமல் தடுமாறிய புதுக் குடிவரவாளருக்குக் கையால் காட்டி விளங்கப்படுத்தியவர், பழுதான சாமானை முகம் சுழிக்காமல் திருப்பி எடுத்தவர் என்று தலைமுறை தலைமுறையாக நின்ற ஆட்கள்தான் அந்தப் பெயருக்குள் நம்பிக்கையை ஊற்றினார்கள். விற்கும்போது அந்த நம்பிக்கைக்கு விலை போட்டார்கள். ஊற்றின ஆட்களுக்குப் பங்கு போடவில்லை.

"கடன் கொடுத்தவனைப் பின்னுக்குத் தள்ளினால் நாளைக்கு யார் கடன் கொடுப்பான்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பதில் கனடாவின் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. சியேர்ஸ் கனடா 2018இல் மூடியபோது ஓய்வூதிய நிதியில் ஓட்டை விழுந்து வயோதிபர்கள் அடிபட்டார்கள். அந்தக் கோபத்துக்குப் பிறகு 2023இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஓய்வூதிய நிதியில் உள்ள குறைபாட்டுக்கு, வங்குரோத்தில் முன்னுரிமை. ஏற்கெனவே இருந்த ஓய்வூதியத் திட்டங்களுக்கு அது பொருந்தத் தொடங்கும் நாளாக 2027 ஏப்ரல் 27 குறிக்கப்பட்டது. வங்கிகள் கடை மூடிக்கொண்டு ஓடவில்லை. வரிசையை நாடாளுமன்றம் மாற்றலாம், ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் இருக்கிறது.

கோட்டின் இலாபத்தில் இன்னொருவருக்கும் பங்குண்டு என்பதை ஹட்சன்ஸ் பேயே ஒத்துக்கொண்டது. அந்தப் போர்வைகள் ஒரு காலத்தில் ஆதிக்குடி மக்களிடம் தோலுக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கப்பட்டவை. பலருக்கு அந்த நிறங்கள் நிலம் பறிபோனதையும் பெரியம்மை பரவியதையும் நினைவூட்டுபவை. 2022இல் கம்பனி ஒரு நிதியைத் தொடங்கி, போர்வை விற்பனையின் நிகர வருமானம் முழுவதும் ஆதிக்குடிகளின் கலை, கல்வி, பண்பாட்டு வேலைகளுக்குப் போகும் என்றது. பிந்திய நீதிதான். ஆனால் ஒரு அடையாளத்தின் பெறுமதி முதலாளிக்கு மட்டும் சொந்தமில்லை என்ற தத்துவம் அதில் இருக்கிறது. ஆதிக்குடிகளுக்குப் பொருந்திய அந்தத் தத்துவம் தொழிலாளிக்கு ஏன் பொருந்தாது?

எங்களுக்கு இதில் இரண்டு பக்கமும் ஆள் இருக்கு. இங்கே நாங்கள் கடைத்தளத்தில் நிற்கிறோம், பெயருக்குக் காசும் கொடுக்கிறோம். அங்கே கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். நிறுவனத்தின் ஆலைகளில் எங்கட பெண்பிள்ளைகள் உலகப் பெயர்களுக்கு உடுப்புத் தைக்கிறார்கள். தையலுக்கு ஒரு கூலி, அதன் மேல் ஒட்டுகிற பெயருக்கு அதைப்போல் பல மடங்கு விலை. தைத்த கைக்கும் விற்ற கைக்கும் அந்தப் பெயரின் விலையில் பங்கில்லை.

பகுதிநேரம் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு ஒரு விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். சில முதலாளிகள் லோகோ போட்ட ரீசேட்டை வேலையாளுக்கே விற்று அதிலும் காசு பார்ப்பார்கள். கியூபெக்கின் வேலை நியமச் சட்டத்தின் 85ஆம் பிரிவு இதைத் தடுக்கிறது. உங்களை அந்தக் கடையின் வேலையாள் என்று காட்டும் உடுப்புக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. கடையில் விற்கிற உடுப்பை வாங்கிப் போடு என்று கட்டாயப்படுத்தவும் முடியாது. சம்பளத்தில் பிடித்தால் சி.என்.ஈ.எஸ்.எஸ்.ரி.யிடம் முறையிடலாம். தமிழ்க் கடையாக இருந்தாலும், தெரிந்த மாமாவின் கடையாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

கோடு போட்ட கோப்பையை வாங்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விருப்பமென்றால் வாங்குங்கோ. ஆனால் அடுத்த தேர்தலுக்கு எங்கட வாசலுக்கு வருகிற வேட்பாளரிடம் ஒரு கேள்வி கேளுங்கோ: ஒரு கம்பனி வங்குரோத்தாகி அதன் பெயரை விற்றால், அந்தக் காசில் முதல் பங்கு பணிநீக்கக் கொடுப்பனவுக்குப் போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவர ஆதரவு தருவீர்களா? ஆம் அல்லது இல்லை. அடுத்ததாக மூடப்போகும் கடையில் எங்கட பிள்ளை ஒன்றும் நிற்கக்கூடும்.