தேயிலைப் பிரியரின் கணக்கு

சென்ற தீபாவளிக்கு மறுநாள், கோலாலம்பூரில் பழைய பள்ளித் தோழர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். ஒரே வகுப்பில் ஒரே பலகையில் அமர்ந்து ஆங்கிலத்தில் பாடங் கேட்டவர்கள் நாங்கள். அவர் வங்கி உத்தியோகத்திற்குப் போனார். யான் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணியாக அமர்ந்தேன். இருவர்க்கும் தொழில் கணக்கெழுதுவதே.

அவர் கூடத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று இருந்தது. புத்தகங்கள் என்றெண்ணி அருகிற் சென்றேன், அத்தனையும் தேயிலை! யுன்னான் நாட்டுப் பூஅர்க் கட்டிகள், கட்டியொன்று 357 கிராம், ஏழேழாக மூங்கிற் பட்டையிற் பொதிந்தவை. டார்ஜிலிங் முதற்பறிப்பு ஒரு தட்டு, தைவான் ஊலோங் ஒரு தட்டு. யீசிங் களிமண்ணாற் செய்த, உள்ளங்கையில் அடங்கும் குடுவைகள் ஐந்து. அருகே கிராமில் பத்திலொரு பங்கையுங் காட்டும் சிறு தராசு. அதனருகே ஒரு குறிப்பேடு. என் கண் அதிலேதான் சென்றது. சென்ற ஆண்டு தேயிலைக்கு மட்டும் 7,400 வெள்ளி செலவாயிருந்தது. குடுவைகள் வேறு கணக்கு.

யான் வாய் திறக்குமுன் அவரே தொடங்கினார். “நீ கணக்குப் பார்க்கிறவன், நீயே சொல். இந்தக் கட்டி 600 வெள்ளி. ஒரு முறைக்கு 7 கிராம். ஆக 51 முறை. முறைக்குப் பன்னிரண்டு வெள்ளியும் ஆகவில்லை. அதே இலையில் எட்டுத் தடவை நீர் வார்க்கிறேன்; கிண்ணமொன்று ஒன்றரை வெள்ளிக்கும் உட்பட்டது. கடைத்தெருவில் ஒரே கோப்பைக் காப்பிக்குப் பன்னிரண்டு வெள்ளி கொடுக்கிறவன் என்னை ஊதாரி என்பானா?”

கணக்கிற் பிழையில்லை. ஆதலின் அவரை ஊதாரி என்று யான் ஏசப் போவதில்லை. அவ்வேலையை இங்கிலாந்தில் ஜோனாஸ் ஹான்வே என்பவர் 1756-ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்தார். தேநீர் உடலைக் கெடுக்கும், உழைப்பைத் தடுக்கும், தேசத்தை ஏழையாக்கும் என்று நீண்டதொரு கட்டுரை எழுதினார். அறிஞர் ஜான்சன் தமது தேநீர்ப் பழக்கத்தை மறையாமல் ஒப்புக்கொண்டே அதனைப் பரிகசித்துத் தள்ளினார். பரிகாசத்திற்குக் காரணமும் இருந்தது. குடிக்கிறவர் செலவை ஹான்வே எண்ணினாரேயன்றி, இலையைக் கிள்ளிய கை எவருடையது என்று கேட்டாரில்லை. 270 ஆண்டுகள் கழிந்தும் தேயிலைச் செலவைப் பற்றி வாதாடுவோர் இரு கட்சியாரும் அவர் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். மிகுதி என்பார் ஒருவர். என் பணம் என்பார் மற்றொருவர்.

செலவின் உச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். சீனத்தின் வூயி மலையில் தா ஹொங் பாவ் எனும் வகையின் தாய்ச் செடிகள் ஆறு உள. அவற்றின் இலை 20 கிராம் 2002-இல் 180,000 யுவானுக்கு ஏலம் போயிற்று. 2006 முதல் அச்செடிகளிற் பறிப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. பூஅர்த் தேயிலையைத் தங்கம்போல் வாங்கி அடுக்கினார் பலர்; 2007-இல் விலை சரிந்தபோது கையைச் சுட்டுக்கொண்டனர். பணக்காரர் சூதாட்டம் அது, அதை விடுவோம். என் வழக்கு என் தோழரைப் போன்ற நடுத்தரச் சுவைஞரோடுதான். அவர்கள் சூதாடிகளல்லர், நுட்பமான நாவுடையவர், படித்தவர், தாம் வாங்கும் பொருளைப் பற்றி எல்லாம் அறிந்தவர்.

எல்லாம் அறிந்தவரா? தோட்டத்தின் உயரம் எத்தனை அடி என்று அறிவர். பறித்த மாதம் அறிவர். எத்தனை வெப்பத்து நீர், எத்தனை விநாடி ஊறல் என்பதை அறிவர். “இவ்வளவு விலை ஏன்?” என்று கேட்டால் உடனே வரும் விடை, “கையாற் பறித்தது” என்பதே. இவ்விடையில் உண்மை இல்லாமலில்லை. பீ லோ சுன் எனும் பச்சைத் தேயிலையின் உயர்ந்த தரத்தில் அரைக் கிலோவுக்குச் சுமார் 60,000 மொட்டுகள் கிள்ள வேண்டும் என்பர். எந்தத் தேயிலையாயினும் நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து காய்ந்தால்தான் ஏறத்தாழ ஒரு கிலோத் தூள் ஆகும். விரல் நோகாமல் இது நடவாது. எனவே விலையை நியாயப்படுத்த அழைத்து வரப்படும் சாட்சி, அந்த விரல்தான்.

சாட்சி சொன்ன விரலுக்குக் கூலி என்ன?

அசாமில் மனோகரி என்னும் தோட்டத்தின் பொன்மொட்டுத் தேயிலை ஒரு கிலோ, 2021 டிசம்பரில் குவஹாத்தி ஏலத்தில் 99,999 ரூபாய்க்கு விற்றது. பத்திரிகைகளெல்லாம் கொண்டாடின. அவ்வாண்டு பிரமபுத்திராப் பள்ளத்தாக்கில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 205 ரூபாய். அரிசி முதலிய படிகள் வேறு உண்டு, அதை மறைக்கவில்லை. ஆயினும் அந்த ஒரு கிலோவை விலை கொடுத்து வாங்க ஒரு தொழிலாளி 488 நாட்கள் உண்ணாமல் உழைக்க வேண்டும். ஏலத்தில் விலை ஏறிய அன்று நாட்கூலி ஏறியதோ? கூலி ஓர் ஒப்பந்தம், விலை வேறோர் உலகம்.

இலங்கை மலைநாட்டுக்கு வருவோம். நம் உறவினர் நாடு. ஆண்டுக்கணக்கிற் போராடிக் கேட்ட 1,000 ரூபாய் நாட்கூலி 2021 மார்ச்சில்தான் அரசாங்க அறிவிப்பாயிற்று. அன்றைய மாற்று விகிதத்தில் அது ஐந்து அமெரிக்க வெள்ளி. மறு ஆண்டு ரூபாய் வீழ்ந்தபோது மூன்றுக்கும் கீழே இறங்கிற்று. 2024 செப்டம்பரில் 1,350 ஆயிற்று. அக்கூலிக்குப் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோக் கொழுந்து கேட்டனர். காய்ந்தால் நான்கு கிலோத் தேயிலை. சுவைஞர் ஒரு தடவைக்கு எடுக்கும் 7 கிராம் கணக்கில் அது 570 தடவைக்கு மேல். இந்த வகுத்தலையும் என் தோழர் குறிப்பேட்டில் எழுதலாம். எழுதவில்லை.

பிறர் தோட்டத்தை மட்டும் பேசினால் யான் கயவனாவேன். எங்கள் தோட்டத்திற்கு வருக. நம்மவர் சிலரே எஞ்சியிருக்கின்றனர். பறிப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசத்தாரும் நேபாளியரும். நிறைக்குக் கூலி. மலையில் மழை ஓயாது. கொழுந்து நனைந்து வரும். நனைந்த மூட்டைக்கு ஈரக் கழிவு என்று சில கிலோ தள்ளிப் பேரேட்டிற் பதிவதுண்டு. எவ்வளவு ஈரம் என்று அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. கையால் தொட்டுப் பார்த்து, இரண்டு என்றோ மூன்று என்றோ சொல்வதுதான். சொல்லுகிறவன் யான். எதிரே நிற்பவன் மொழி எனக்குத் தெரியாது. என் மொழி அவனுக்குத் தெரியாது. எண்களை மட்டும் இருவரும் அறிவோம். சில நாள் அவன் முகத்தைப் பார்த்து மூன்றை இரண்டாக்கியதுண்டு. இது தருமமன்று, தராசுமன்று. கிராமில் பத்திலொரு பங்கு பிசகாமல் நிறுக்கும் கருவி கோலாலம்பூரில் குடிக்கிறவர் மேசைமேல் இருக்கிறது. பறிக்கிறவன் முன்னே இருப்பது என் உள்ளங்கை.

“நான் வாங்காவிட்டால் அவனுக்கு வேலையே போய்விடுமே” என்றார் தோழர். மெய்தான். வாங்காதே என்று யான் சொல்லவில்லையே! தே தாரிக் இருபது காசு ஏறினால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்கும் நம்மவரைவிட, நல்ல இலைக்கு நல்ல விலை கொடுக்கும் இவர் மேலானவர் என்றே கொள்வேன். மலிவுத் தூசியில் சுரண்டல் இல்லையென்று எவர் சொன்னார்? ஆனால் விலை கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதிகம் கொடுப்பவருக்கு அதிக உரிமை உண்டு. தவளைப் படம் போட்ட சான்று முத்திரை இருக்கிறதே என்பர். இருக்கட்டும், பறித்தவர்க்கு அன்று என்ன கிடைத்தது என்ற எண் அம்முத்திரையில் இல்லை. உயரத்தையும் மாதத்தையும் அச்சிட இடமுள்ள உறையில், நாட்கூலியை அச்சிட இடமில்லையா? சுவைஞர்கள் கேளாமையால் வணிகர் எழுதவில்லை. கேட்டது உயரம், எழுதியது உயரம்.

தோழர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர்க் குறிப்பேட்டில் ஒரு பத்தி புதிதாய்க் கோடிட்டு, தலைப்பில் “கூலி” என்றெழுதினார். தாம் வழக்கமாய் வாங்கும் மூன்று கடைகளுக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். செடியின் வகை, உயரம், பறித்த நாள் ஆகியவற்றுக்கு மூவரும் அன்றைக்கே விடை தந்தனர். கூலி பற்றி இருவர் வாய் திறக்கவில்லை. மூன்றாமவர், தம் தோட்டத்துத் தொழிலாளர் மிக்க மகிழ்ச்சியோடு இருக்கின்றனர் என்று தெரிவித்தார். அதைப் பத்தியில் எவ்வாறு பதிவது என்று என்னைக் கேட்டு எழுதியிருந்தார். எண் வரும்வரை வெறுமையாகவே விடும்படி பதில் எழுதினேன். வேறு கடைகளின் பெயர்களையும் அனுப்பியிருக்கிறேன். அவற்றுள் எங்கள் தோட்டத்துக் கடையும் ஒன்று.