நாம் திரும்பிவிட்டோம், நம் பிள்ளைகள் திரும்பினார்களா?



சபுர் வாழ்க்கையை முடித்துக்கொண்டு குடும்பத்தோடு தாயகம் திரும்புவோரின் எண்ணிக்கை நம் சமுதாயத்தில் பெருகியிருப்பதை நாம் அறிவோம். சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டது. ஆண்டுதோறும் உயர்ந்து 2020இல் அது 400 ரியாலாயிற்று. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள ஒருவர் இதற்கு மட்டுமே ஆண்டுக்கு 14,400 ரியால் கட்ட வேண்டும். அதே 2020இல் மதிப்புக்கூட்டு வரியும் 5 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காடாயிற்று. நடுத்தர ஊதியக்காரர்கள் பலர் பெட்டி கட்டியதற்கு இவை போதுமான காரணங்கள்.

அவ்வாறு திரும்புவோர் பலர் காயல்பட்டினத்திற்கோ, கீழக்கரைக்கோ, கூத்தாநல்லூருக்கோ போவதில்லை. பிள்ளையின் படிப்பை முன்னிட்டுச் சென்னையில் குடியேறுகின்றனர். அதில் தவறில்லை. ஆனால் குடியேறிய பின் நாம் செய்யும் ஒன்று பெருந்தவறு என்பதே எங்கள் வாதம். நாம் ஊர் திரும்புகிறோம். பிள்ளையைத் திரும்ப விடுவதில்லை. துபாயில் எப்படி வளர்ந்தானோ அப்படியே சென்னையிலும் வளர வேண்டும் என்று எண்ணி, அதற்கேற்ற பள்ளியையும் குடியிருப்பையும் தேடுகிறோம். விளைவு, அந்தப் பிள்ளை தன் சொந்த நகரிலேயே அந்நியனாகிறான்.

இதைப் பிறர்மேல் பழிபோட எழுதவில்லை. நாங்களே செய்த தவறு இது. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மகனோடு நாங்கள் திரும்பியபோது அவனுக்குத் தமிழ் பேச வரும். ஓர் எழுத்துகூட வாசிக்க வராது. அங்கே இரண்டாம் மொழியாக பிரெஞ்சை எடுக்க வைத்திருந்தோம், மதிப்பெண் எளிதில் கிடைக்கும் என்பதற்காக. இங்கு வந்தும் தமிழ் படிக்க வேண்டாத பள்ளி எது என்றுதான் முதலில் விசாரித்தோம். ஒன்று கிடைத்தது. வீட்டிலிருந்து வேனில் போக ஒன்றேகால் மணி நேரம். மகிழ்ச்சியோடு பணம் கட்டினோம்.

ஓராண்டு கழித்து ஒருநாள், அஸர் தொழுகைக்குப் போய்வந்த மகன் பள்ளிவாசல் பலகையில் ஏதோ பெரிதாக எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னான். என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை, நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. மறுநாள்தான் தெரிந்தது. தொழுகை முடிந்ததும் அவனை அருகில் அமர்த்தி, தினமும் ஒரு பேரீச்சம்பழம் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த முதியவர் மவுத்தாகிவிட்டார். அன்று மஃக்ரிபுக்குப் பின் ஜனாஸா என்பதே அந்த அறிவிப்பு. இந்த நகரில் அவனுக்கிருந்த ஒரே பெரியவரின் ஜனாஸாவில் கலந்துகொள்ளும் வாய்ப்பு, பலகையின் முன் நின்ற அவனுக்குக் கிடைக்கவில்லை. “எனக்கு ஏன் தமிழ் சொல்லித்தரவில்லை?” என்று அவன் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுத வைத்தது.

நம் பெற்றோர் கூறும் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, “பிள்ளைக்குச் சுமையாகிவிடும்” என்பது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டப்படி முதல் வகுப்பில் தொடங்கிப் பத்தாம் வகுப்புவரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 2015-16 கல்வியாண்டிலிருந்து மத்திய வாரியப் பள்ளிகளுக்கும் அது படிப்படியாக விரிந்தது. இச்செய்தி காதில் விழுந்ததும் நாம் செய்வதென்ன? விலக்குப் பெற வழியுண்டா என்று ஆராய்கிறோம். தாய்மொழி தமிழாக உள்ள பிள்ளைக்குத் தமிழிலிருந்து விலக்குக் கேட்டு அலைகிறோம்! நான்கு வயதில் அலிஃப், பே, தே படித்து, வலமிருந்து இடமாக எழுதும் ஓர் எழுத்தைத் தஜ்வீதோடு ஓதப் பழகிய பிள்ளை அவன். அதே வயதில் ஆங்கில எழுத்தையும் கற்றான். இரண்டு எழுத்து முறைகளைக் கற்ற பிள்ளைக்கு, தான் பேசும் மொழியின் எழுத்து மட்டும் எப்படிச் சுமையாகும்? எழுத்துகள் 247 என்று கேட்டு நாம்தான் மலைக்கிறோம். 12 உயிரும் 18 மெய்யும் ஓர் ஆய்தமும் பழகி, உயிர்மெய்க் குறிகளின் ஒழுங்கு புரிந்துவிட்டால் மற்றவை தாமே வரும்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில், இளைஞரான ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அதை அவர்கள் கற்றுத் தேர்ந்தார்கள் என்பது அபூதாவூத், திர்மிதி நூல்களில் இடம்பெற்ற செய்தி. அது வேற்று மக்களின் எழுத்து. நம் பிள்ளையிடம் நாம் கேட்பதோ அவன் உம்மா பேசும் மொழியின் எழுத்து.

இரண்டாவது சமாதானம், “எப்படியும் அவன் மேற்படிப்புக்கு வெளிநாடுதானே போகப்போகிறான்” என்பது. போகட்டும், அல்லாஹ் நாடினால் நலமாகப் போகட்டும். ஆனால் நாமும் அவ்வாறு நிலைத்துவிடுவோம் என்றெண்ணித்தானே போனோம்? ஒரு கட்டண உயர்வு நம்மை விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டது. நமக்கு வழங்காத உத்தரவாதத்தை நம் பிள்ளைக்கு எந்த நாடு எழுதித் தந்திருக்கிறது?

உள்ளூரில் அவனுக்குரிய வாசல்களைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2007 முதல் முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. நீண்ட காலம் கோரிக்கை வைத்து நம் பெரியவர்கள் பெற்றுத்தந்த உரிமை அது. இன்னொரு பக்கம், 2021இல் பிறப்பிக்கப்பட்ட அரசாணையின்படி மாநில அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம். அதில் 40 விழுக்காடு பெறாதவருடைய மற்றத் தாள்கள் மதிப்பிடப்படுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். தமிழ் எழுதத் தெரியாத முஸ்லிம் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டில் அரசுப் பணி வெறும் காகிதமே. அவனை வெளியே நிறுத்தியது அரசன்று. ஆறாம் வகுப்பில் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாம்.

மூன்றாவது சமாதானம், “சூழல் சரியில்லை” என்பது. திருவல்லிக்கேணியிலும் மண்ணடியிலும் ராயப்பேட்டையிலும் பள்ளிவாசலைச் சுற்றிக் குடும்பங்கள் வாழ, நாம் நகரின் விளிம்பில் காவலர் நிற்கும் வாயிலுக்குள் வீடு பார்க்கிறோம். தெருப்பிள்ளைகளோடு சேர்ந்தால் கெட்டுவிடுவான் என்கிறோம். காலை ஆறரைக்கு வேன் ஏறி மாலை ஐந்துக்கு இறங்கும் பிள்ளைக்கு லுஹர் எங்கே, மக்தப் எங்கே? குர்ஆன் வகுப்பும் கைப்பேசித் திரையில் நடக்கிறது. உஸ்தாதின் கையைப் பற்றி ஸலாம் சொன்ன அனுபவம்கூட இல்லாமல் ஜுஸ்உகளை முடிக்கிறான். ஜுமுஆவுக்கு வந்தால் தமிழில் நடக்கும் பயானில் பாதி அவனுக்கு எட்டுவதில்லை. உம்மா பேசும் வீட்டுத் தமிழ் வேறு, மிம்பரில் பேசப்படும் தமிழ் வேறு. கெட்ட சூழலிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, நல்ல சூழலிலிருந்தும் அவனைத் துண்டித்துவிட்டோம்.

மக்காவிலிருந்து மதீனா வந்த அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார். அவர்களோ அதற்காக துஆச் செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி கேட்டார்கள். வந்த ஊரின் சந்தைக்குள், அதன் மக்களுக்கிடையே நடந்து செல்வதே அவர்கள் தேர்ந்த வழி. நாம் நம் பிள்ளைக்குத் தெருமுனைக் கடைக்குக்கூட வழி காட்டவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் நபிகளாரின் வரலாற்றைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடிய உமறுப்புலவரின் வழிவந்த சமுதாயம் நாம். தமிழை அரபு எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்றொரு மரபையே வளர்த்து, அதில் மார்க்க நூல்கள் இயற்றியவர்கள் நம் முன்னோர். மார்க்கமும் தமிழும் இரு கண்களென மேடையில் முழங்கிவிட்டு, வீட்டில் ஒரு கண்ணைக் கட்டிவிடுகிறோம்.

நியாயமான அச்சங்கள் இல்லாமலில்லை. பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ நிற்கும் பிள்ளையை இடையில் பிடுங்கி வந்து புதுமொழித் தேர்வில் உட்கார வைப்பது கொடுமை. அவ்வாறானவர்கள் பாடத்திட்டத்தை மாற்றாமல் படிப்பை முடிக்கட்டும். தமிழை வீட்டில், தேர்வின்றிக் கற்கட்டும். கற்றலில் சிரமமுள்ள பிள்ளைக்கு விலக்கு ஓர் அருள். எல்லாருக்கும் அருகில் நல்ல பள்ளி அமைவதுமில்லை. நாம் கண்டிப்பது இவர்களையல்ல. ஏழு, எட்டு, பத்து வயதுப் பிள்ளையை, கற்கும் ஆற்றல் பொங்கும் வயதில், தன் ஊரைக் கற்கவிடாமல் தடுக்கும் வசதியைத்தான் கண்டிக்கிறோம்.

எனவே, திரும்ப எண்ணும் பெற்றோருக்குச் சில சொற்கள்.

வளைகுடாவின் இந்தியப் பள்ளிகளில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஜூலை விடுமுறையில் திரும்பினால், இங்கே வகுப்புகள் தொடங்கி நண்பர் குழுக்கள் அமைந்துவிட்ட பின் பிள்ளை தனியே நுழைய நேரும். இயன்றால் ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மார்ச் இறுதியில் வந்துவிடுங்கள். ஜூனில் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் திறக்கும்வரை இரண்டு மாதம் கையிலிருக்கும். மாற்றுச் சான்றிதழில் அந்நாட்டுக் கல்வித்துறையின் முத்திரையையும் இந்தியத் தூதரகத்தின் சான்றொப்பத்தையும் கேட்கும் பள்ளிகள் பல. புறப்படுமுன் அவற்றை முடித்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு மாதத்தில் தினம் அரைமணி நேரம் எழுத்துப் பயிற்சி போதும். பேருந்தின் பலகை, கடைப் பெயர், பள்ளிவாசல் அறிவிப்பு ஆகியவற்றை அவனையே வாசிக்கச் சொல்லுங்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உள்ளது, அழைத்துச் செல்லுங்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் குளம் உண்டா என்று கேட்பதற்கு முன், வேனில் எவ்வளவு நேரம், திரும்பிவந்து அஸருக்கு ஜமாஅத்தில் சேர முடியுமா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, பிள்ளையிடம் பேசுங்கள். அவன் விட்டுவந்த தோழர்களும் விளையாட்டுத் திடலும் அவனுக்குப் பெரிய இழப்பு. “நன்றிகெட்டவனே, உனக்காகத்தானே வந்தோம்” என்று அடக்காதீர்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாக வந்த குடும்பத்திடம் சந்தா ரசீதை நீட்டுவதோடு நம் கடமை முடிவதில்லை. மதீனத்து அன்ஸார்கள் வந்தவர்களைத் தம் வீட்டாராக ஏற்றார்கள். ஒவ்வொரு மஹல்லாவிலும் கோடை விடுமுறையில், திரும்பிய பிள்ளைகளுக்கென ஒரு தமிழ் எழுத்து வகுப்பு நடத்த எவ்வளவு செலவாகும்? பாயும் கரும்பலகையும் மக்தபில் ஏற்கெனவே உள்ளன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கிடைத்தால் போதும். அவர் மாற்று மதச் சகோதரராக இருந்தால் இன்னும் சிறப்பு. உள்ளூர்ப் பிள்ளை ஒருவனை ஒவ்வொரு புதுப்பிள்ளைக்கும் துணையாக்குங்கள். தடுமாறிப் பேசும் பிள்ளையைத் ‘துபாய்க்காரன்’ என்று கேலி செய்பவர்களை அங்கேயே கண்டியுங்கள்.

எங்கள் மகன் இப்போது தட்டுத்தடுமாறித் தமிழ் வாசிக்கிறான். ஆறு மாதம் பிடித்தது. வெள்ளிக்கிழமை பலகையில் எழுதியிருப்பதை வாசித்துவிட்டு வந்து உம்மம்மாவிடம் சொல்கிறான். அந்தப் பெரியவரின் ஜனாஸாவை அவனுக்குத் திருப்பித் தர எங்களால் முடியாது. உங்கள் பிள்ளைக்கு அப்படியொரு நாள் வருமுன் விழித்துக்கொள்ளுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை அவர்கள் வாழும் ஊருக்கும் அதன் மக்களுக்கும் பயனுள்ளவர்களாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.