இரத்தச் சீட்டு சாட்சியாகுமா?

"இரத்தத்தைச் சோதித்தாயிற்று, உனக்கு ஒன்றுமில்லை!" என்று ஒரு சீட்டைக் கொடுத்து, ஆஸ்பெஸ்டாஸ் ஆலையில் உழைத்துத் தேய்ந்த தொழிலாளியை அனுப்பிவிடலாமா? கூடாது! அறிவியலே அதற்கு இடம் தரவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் தூசியைச் சுவாசித்தவர்களின் நுரையீரல் உறையைத் தாக்கும் கொடிய புற்றுநோய் மீசோதீலியோமா. தூசி உள்ளே போய் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் தலைகாட்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் விட்டனூம் சுரங்கம் 1966-ல் மூடப்பட்டது. அங்கு உழைத்தவர்களோ அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் இந்நோயால் மடிந்தார்கள்!

இதை இரத்தத்திலேயே முன்கூட்டிக் கண்டறிய ஆய்வாளர்கள் முயன்று வருகிறார்கள். மீசோதெலின் என்ற புரதத்தை அளக்கும் சோதனைக்கு 2007-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. எதற்கு? நோய் உறுதியானவர்களைக் கண்காணிப்பதற்கு மட்டுமே! 2012-ல் ஃபிபுலின்-3 என்ற புரதம் பெரும் நம்பிக்கை ஊட்டியது. 2014-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சோதித்தபோது அது மீசோதெலின் அளவுக்குக்கூடத் தேறவில்லை.

வியாபாரிகளே, கணக்குப் பாருங்கள். 2012-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். நோயில்லாத 100 பேரில் 5 பேரைத் தவறாகக் காட்டும் அளவில் வைத்தால், ஆரம்ப நிலை நோயாளிகள் 100 பேரில் 32 பேரைத்தான் மீசோதெலின் பிடித்தது. 1000 தொழிலாளர்களில் 5 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். ஓரிருவர்தான் பிடிபடுவர், நோயில்லாத சுமார் 50 பேர் வீணாகக் கலங்குவர். சிறுநீரகம் பழுதானாலும் இப்புரதம் கூடும். இந்தச் சரக்கை நம்பி யாராவது முதல் போடுவார்களா?

நோயை உறுதி செய்ய இன்றும் திசுவை எடுத்துத்தான் சோதிக்க வேண்டும். நோய் எங்கிருந்து வந்தது என்பதற்கு சாட்சி, அவர் எங்கே, எத்தனை ஆண்டுகள் தூசியில் உழைத்தார் என்ற பதிவேடு! ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகள் காக்க வேண்டும் என்று நம் உச்சநீதிமன்றம் 1995-லேயே உத்தரவிட்டது.

இளைஞர்களே! உங்கள் ஊர்த் தொழிலாளிக்கு அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். ஷீட் விற்கும் வியாபாரிகளே! உங்கள் கடையில் அதை அறுத்துக் கொடுக்கும் பையனின் நெஞ்சையும் கொஞ்சம் நினையுங்கள். இன்று அவன் விழுங்கும் தூசியை நாளை எந்த இரத்தச் சீட்டும் திரும்ப எடுத்துத் தராது!