ஹத்துசிலியா, ஹத்துசிலிஸா?

பண்டை அரசன் ஒருவனுடைய பெயரின் ஈற்றில் ஸகரம் வேண்டுமா, வேண்டாவா என்பது அற்ப வினாவெனச் சிலர் நகைக்கலாம். ஆயினும், ஒருவனையே மூவராக மயங்கச் செய்யும் வழக்கினை அற்பமெனத் தள்ளுதல் தகாது என்பது எமது துணிபு.

ஏத்தியர் என்னும் பெயர் வேதாகமம் பயின்றோர்க்குப் புதியதன்று. தாவீதின் போர்வீரனாகிய உரியா ஏத்தியனே. இன்றைய துருக்கி நாட்டில், ஹத்துசா என்னும் நகரைத் தலைநகராகக் கொண்டு பேரரசு நடாத்திய மக்களுக்கும் ஆங்கில ஆசிரியர் அப்பெயரையே இட்டனர். அவ்வரசருள் மூன்றாம் ஹத்துசிலி என்பான், எகிப்திய வேந்தன் இரண்டாம் ராம்சேஸோடு ஏறக்குறைய கி.மு. 1259-இல் சமாதான உடன்படிக்கை செய்து புகழ் பெற்றவன்.

இவன் பெயர் ஆங்கிலத்தில் பட்ட பாடு பெரிது. முதலில் எகிப்திய எழுத்துக்களின் வழியே இவனை அறிந்தோர் ‘கெதாசார்’ என எழுதினர். எகிப்தியர்க்கு லகரத்திற்கெனத் தனியெழுத்து இன்மையால் ரகரத்தை இட்டமையே இதற்குக் காரணம். 1906-இல் ஜெர்மானிய அறிஞர் விங்க்லர், ஹத்துசா இருந்த போகாஸ்கோய் என்னுமிடத்தில் களிமண் ஏடுகளைத் தோண்டியெடுத்தார். 1915-இல் ஹ்ரோஸ்னி என்னும் அறிஞர், ஏத்தியர் மொழி இந்தோ-ஐரோப்பிய இனத்தது எனக் காட்டினார். அதன்பின் கிரேக்கப் பெயர்களைப் போலவே ‘ஹத்துசிலிஸ்’, ‘முர்சிலிஸ்’ என எழுதும் வழக்கம் பரவிற்று. கர்னி என்பார் 1952-இல் வெளியிட்ட நூலில் இவ்வடிவங்களே உள்ளன. பிரைஸ் என்பார் 1998-இல் வெளியிட்ட நூலிலோ ‘ஹத்துசிலி’, ‘முர்சிலி’ என்பனவே காணப்படும். நூல்நிலையத்தில் இவற்றை மாறி மாறிப் புரட்டும் மாணவன் மயங்காதிருப்பது எங்ஙனம்?

ஸகரத்தை விரும்புவோர், “அவனுடைய குடிகளே அவ்வாறு வழங்கினரன்றோ? ஜூலியஸ், அகஸ்டஸ் என்பவற்றை ஆங்கிலம் ஸகரத்தோடு ஏற்கவில்லையா?” என்பர். அக்குடிகள் அவனை எழுவாயாக வைத்துப் பேசியபோது ‘ஹத்துசிலிஸ்’ என்றது மெய்யே. ஆனால், செயப்படுபொருளாக வைத்தபோது ‘ஹத்துசிலின்’ என்றனர். எனவே ஸகரம் பெயரின் உறுப்பன்று, வேற்றுமை உருபேயாம். ஹத்துசா ஊரினன் என்னும் பொருள் ‘ஹத்துசிலி’ என்ற அளவிலேயே நிரம்பி நிற்கின்றது. மேலும், அக்காலத்து அரசர் ஒருவரோடொருவர் ஓலை போக்கிய அக்காதிய மொழியில் எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கைப் படியிலும் அவன் பெயர் ஸகரமின்றியே உளது. அவன் காலத்தாரே நீக்கிய எழுத்தை நாம் சுமப்பானேன்?

ஆங்கிலத்திலும் இவ்வுருபு இடர் தருவதே. உடைமைப் பொருளைக் காட்ட அதன்மேல் மற்றொரு ஸகரத்தை ஏற்றுங்கால் நா தடுமாறும். தமிழிலோ குற்றம் வெளிப்படை. நம் இலக்கணத்தில் எழுவாய் வேற்றுமைக்கு உருபில்லை. பெயர் தானாக நிற்பதே முதல் வேற்றுமை. ‘ஹத்துசிலிஸைக் கண்டான்’ என எழுதினால், முதல் வேற்றுமை உருபின்மேல் இரண்டாம் வேற்றுமை உருபை அடுக்கியவராவோம். ‘ஹத்துசிலியைக் கண்டான்’ என்பதே இயல்பாகும்.

இதற்கு முன்மாதிரி தேடி நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. கிரேக்கத்தில் பெத்ரொஸ், பவுலொஸ், மார்க்கொஸ், தீத்தொஸ் என நின்ற பெயர்களை, வேதாகமத்தைத் தமிழ்ப்படுத்திய பெரியோர் பேதுரு, பவுல், மாற்கு, தீத்து என்று ஆக்கினர். யூதாஸ் போன்ற சில பெயர்களில் ஸகரம் நின்றதெனினும், பெரும்பான்மை வழக்கு இதுவே. அப்பெயர்களை இன்று அயற்பெயரென எவரும் உணர்வதில்லை.

ஆதலின், இக்கால ஆங்கில ஆசிரியர் ஸகரத்தைக் கைவிட்டமை நன்றே. உலக சரித்திரத்தைத் தமிழில் எழுதப் புகுவோரும் ஹத்துசிலி, முர்சிலி, சுப்பிலுலியுமா என்றே எழுதுவாராக. பழைய நூல்களைப் பயில்வோர் இடர்ப்படாவண்ணம், பெயர் முதன்முறை வருமிடத்தில் மற்றை வடிவங்களையும் ஒருமுறை குறித்தல் போதும். அயல்நாட்டுப் பெயர்களை ஆங்கில நூலில் கண்டவாறே பெயர்த்தெழுதாமல், அவற்றின் மூலத்தை ஆராய்ந்து நம் மொழியின் இயல்புக்கேற்ப அமைத்தலே தமிழ் பயிலும் நமது கடனாகும்.